அட்டைப்படத்தில் என் அப்பா

அப்பா அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கைலி, மேலே வெள்ளை பனியன். வலது கன்னத்தை ஒட்டி ஒரு வார இதழைப் பிடித்திருந்தார். கண்ணாடியில் தெரிந்த முகத்தையும் இதழின் அட்டையில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இதழை இடது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இங்க வா," என்று அம்மாவைக் கூப்பிட்டார். "இது யாரு?"

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

"மீசை கொஞ்சம் பெரிசா போட்டிருக்கான்," என்றார்.

அட்டையில் இருந்தவன் பெயர் பூதராயன். கடாரத்துக் கோட்டையின் காவல் தலைவன். தலையில் பாகை, காதில் கடுக்கன், தோளில் பட்டுச் சால்வை. மாந்தோப்பின் இருட்டில் எதிரியின் ஒற்றனோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான். பாகையும் கடுக்கனும் போக மிச்சமிருந்த பரந்த நெற்றி, இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் தழும்பு, மூக்கோரத்து மச்சம், ஒரு பக்கமாகக் கீழே இறங்கும் வாய், எல்லாமே கோவிந்தசாமியினுடையவை. கிள்ளானில் லோரி வைத்துத் தொழில் நடத்தி, கோயில் கமிட்டிக்கும் தலைவராக இருந்த, என்னைப் பெற்ற கோவிந்தசாமி.

அந்தத் தொடர்கதையை எழுதியவர் கடாரவாணன். அவருக்கும் எனக்கும் பரிசம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சைக்கிள் ஓட்டத் தெரியாத வீரர்

என் கணவரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத ஆரம்பித்ததிலிருந்து, "அவரே எழுதலாமே, நீங்கள் ஏன் எழுதுகிறீர்கள்?" என்று சிலர் கேட்டுவிட்டார்கள். நானும் அவரைக் கேட்டேன். "நடந்ததை எழுத எனக்கு வராது. நடக்காததுதான் வரும்," என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ஆகவே நடந்ததெல்லாம் என் பொறுப்பு.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய சொந்தப் பெயர் சண்முகம். ரயில்வேயில் குமாஸ்தா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், கணவரை இழந்த அக்காவோடு குடியிருந்தார். பகலெல்லாம் சரக்கு ரயில் கணக்கு, சாயங்காலம் கடல் போர். சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவார். ரயில் போகும்போது வீடே அதிரும். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்து, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அவர் கதைகளில் குதிரைகள் பறக்கும், மரக்கலங்கள் புயலைக் கிழிக்கும், வாள்கள் நிலவொளியில் மின்னும். நிஜத்தில் அவருக்குச் சைக்கிள் கூட ஓட்ட வராது. ஒரு முறை கடல் அனுபவம் வேண்டும் என்று கிள்ளான் துறைமுகத்திலிருந்து தீவுக்குப் போகும் மீன்பிடிப் படகில் ஏறினார். கரை மறைவதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. கூட வந்த சீனக் கிழவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே தீவுவரை போனாராம். அந்த வாரம் வந்த அத்தியாயத்தில் கதாநாயகன் புயலின் நடுவே பாய்மரத்தின் உச்சியில் ஏறி நின்று சிரித்தான்.

காப்பாரிலிருந்து ஒரு வாசகர் மோட்டார் சைக்கிளில் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வந்து, "அண்ணே, அந்தக் குதிரைய மரத்துல கட்டிட்டுப் போனானே, அது என்னாச்சு?" என்று கேட்டார். அவர் அந்தக் குதிரையை மறந்தே போயிருந்தார். அடுத்த வாரம் ஒரு பணியாள் ஓடிப்போய் அதை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, புல்லும் போட்டான்.

அப்படி ஒரு காலம் அது. எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இதழ் வந்தால், வாங்கியவர் படித்து முடிக்கும் முன்பே பக்கத்து வீட்டுக்காரர் கை நீட்டுவார். வீடியோ கேசட் இன்னும் நம் கூடங்களுக்குள் வந்து உட்காராத நாட்கள். வந்த பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும். அந்த இதழ் இப்போது இல்லை. அவரும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

முதலில் படம், பிறகு கதை

அப்பாவின் முகம் அட்டைக்குப் போனது எப்படி என்று புரிய, அந்த இதழில் வேலை நடந்த விதம் தெரிய வேண்டும்.

ஊரில் எல்லோரும் எழுத்தாளர் எழுதுவார், ஓவியர் அதைப் படித்துப் படம் வரைவார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே எல்லாம் தலைகீழ். அட்டை வண்ணத்தில் வர வேண்டும். அதற்கு வேறு அச்சகம். ஒவ்வொரு வாரமும் ஒரு அட்டைக்காக அவர்கள் மெஷினை ஓடவிட மாட்டார்கள். அதனால் ஒரு மாதத்து அட்டைகள் முழுவதையும் ஒரே ஓட்டமாக முன்கூட்டியே அடித்து வைத்துவிடுவார்கள். அத்தியாயங்கள் அப்போது அவர் மண்டைக்குள்கூட இருக்காது.

ஓவியர் அந்தோணி கோலாலம்பூரிலேயே சாலாக் செலாத்தானில் இருந்தார். பகலில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். மாதத்துக்கு ஒரு நாள் இருவரும் தெருவோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே பேசுவார்கள். "இந்த மாசம் ஒரு தீவு வருது, ஒரு சண்டை வருது, கடைசில கோட்டைக்குள்ள எதிரி நுழையறான்," என்பார் இவர். அந்தோணி வீட்டுக்குப் போய்த் தன் இஷ்டத்துக்கு வரைவார். அதற்கேற்ற மாதிரி இவர் கதையை வளைப்பார்.

ஒரு தடவை அந்தோணி அட்டையில் ஒரு முதலையைப் போட்டுவிட்டார். கதையில் முதலையே கிடையாது. "நல்லா வந்துச்சு லா, அழிக்க மனசு வரல," என்றாராம். வேறு வழியில்லாமல் கதாநாயகி ஆற்றில் குளிக்கப் போனாள். அந்த முதலைக்கு வந்த பாராட்டுக் கடிதங்கள் கதாநாயகனுக்கு வந்ததில்லை.

அந்தோணிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கண்ணால் பார்க்காத முகத்தை அவரால் வரைய முடியாது. இளவரசி ஒரு வருடம் பங்சார் பேங்க் ஒன்றில் வேலை பார்த்த பெண்ணின் முகத்தோடு இருந்தாள். புத்த பிக்கு வருகிற இடத்திலெல்லாம் அவருடைய முடிதிருத்துக்காரர்தான் கண்மூடித் தியானம் செய்தார். கதாநாயகர்கள் மட்டும் வருடக்கணக்காக ஒரே ஜாடை. கொஞ்சம் மெலிந்த அந்தோணி.

பெண் பார்க்க வந்த மூவர்

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மூன்றே பேர். அவர், அவருடைய அக்கா, கார் ஓட்டிக்கொண்டு வந்த அந்தோணி.

அப்பாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனசுதான். ரயில்வே உத்தியோகம் பிடித்திருந்தது. கதை எழுதுவது பிடிக்கவில்லை. அப்பா இங்கிலீஷ் ஸ்கூலில் படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கதைப் புத்தகம் என்றாலே வேலை வெட்டி இல்லாதவர்கள் சமாச்சாரம் என்பது அவர் எண்ணம். அன்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தியதுபோல் கேள்வி கேட்டார். அந்தோணி கேசரியைத் தொடாமல் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு மரியாதையான ஆள் என்று அம்மா நினைத்துக்கொண்டாராம்.

எங்களைப் பின்பக்கம் ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். துணி காயும் கொடிக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில் நின்றோம். நான் அவருடைய வாசகி என்று அக்கா சொல்லியிருந்தார். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"என் கதைல உங்களுக்கு எது பிடிக்கல?" என்று கேட்டார்.

நான் கிள்ளானில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். கேட்டதற்குப் பதில் சொல்லிப் பழக்கம். "உங்க பொம்பளைங்க எல்லாம் பொசுக்கு பொசுக்குன்னு மயங்கி விழுறாங்க. பின்ன எப்படி விழாம இருப்பாங்க? ஒருத்தி கூட சாப்பிட்டு நான் பார்க்கல," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். "ஆமால்ல," என்றார். அதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இதழில், சிறையிலிருந்து தப்பிய இளவரசி ஒரு மீனவர் குடிசைக்குள் நுழைந்தாள். முதல் வேலையாகப் பழைய சோறும் கருவாடும் கேட்டு வாங்கி, கால் மடக்கி உட்கார்ந்து, ஒரு முழுப் பத்தி நீளத்துக்குச் சாப்பிட்டாள். ஆபீஸில் டைப்ரைட்டர் முன்னால் அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் வக்கீல் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். நம்முடைய பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஆண்பிள்ளை அவ்வளவு சுலபத்தில் கிடைப்பதில்லை.

அடுத்த மாதம் முதல் வாரத்து அட்டையில் அப்பா வந்தார்.

"அப்ப கதையையே கட்டிக்குங்க"

கண்ணாடி முன்னால் நின்ற அப்பா அன்று காலையில் பசியாறவில்லை. நேராக லோரி ஷெட்டுக்குப் போனார். அங்கே டிரைவர்கள் ஏற்கெனவே அட்டையைக் கிழித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அவர்களுக்குக் கேலி எண்ணம் ஒன்றும் இல்லை, பாஸ் படம் புக்கில் வந்திருக்கிறதே என்ற பெருமைதான். அப்பாவுக்கு அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. சாயங்காலம் கோயிலுக்குப் போனால், பிரசாதம் வாங்க நின்ற சின்னப் பிள்ளைகள் "பூதராயன், பூதராயன்" என்று ஓடி ஒளிந்தார்கள்.

பெண் கேட்டு வந்து, வீட்டில் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய், பெண்ணின் அப்பனையே துரோகியாக்கி ஊருக்குக் காட்டுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

சேதி கேட்டுக் கடாரவாணன் சாலாக் செலாத்தானுக்கு ஓடியிருக்கிறார். அந்தோணி பெயர்ப்பலகை ஒன்றுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்.

"மாமா மூஞ்சி எப்படிப்பட்ட மூஞ்சி தெரியுமா? அந்த மாதிரி ஒண்ணு தெனமும் கெடைக்குமா?" என்றார். செய்தது தப்பு என்று அவருக்கு உறைக்கவே இல்லை. "நான் மரியாதையாத்தானே வரைஞ்சேன்."

அந்த மாதத்து அட்டைகள் எல்லாம் அச்சாகிக் கட்டுக்கட்டாக இருந்தன. இரண்டாவதில் பூதராயன் எதிரிக்குக் கோட்டை வரைபடத்தைக் காட்டினான். மூன்றாவதில் காவலாளியின் பானையில் மயக்க மருந்து கலந்தான். கடைசி அட்டையில், கொட்டும் மழையில், ஒரு கையில் தீவட்டியோடு, மறு கையால் கோட்டைக் கதவின் தாழைத் திறந்துகொண்டிருந்தான். எல்லாவற்றிலும் அப்பா. இவர் இதழின் ஆசிரியரிடம் கெஞ்சிப் பார்த்தார். அச்சான அட்டையைக் குப்பையில் போட முடியாது என்று ஆசிரியர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இவர் பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு வந்தார். அப்பா அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வாசலில், நிறுத்தியிருந்த லோரிக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். அந்தோணி மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"என் தொடர் ஐயா, என் பொறுப்பு. மன்னிச்சிருங்க," என்றார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். மொகத்த மாத்துங்க. இல்ல, அந்த ஆள நல்லவனாக்குங்க. ரெண்டுல ஒண்ணு."

"மொகத்த மாத்த முடியாதுங்க, அட்டை அடிச்சாச்சு. கதவத் தொறக்கிற படமும் அடிச்சாச்சு. இத்தனையும் செஞ்சவன நல்லவன்னு சொன்னா கதை செத்துப்போயிரும்."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப கதையையே கட்டிக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'சரிங்க, நல்லவனாக்கிடறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும்? வாய் நிறையப் புளுகுகிறவருக்கு எனக்காக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லையே என்று ஆத்திரம். அவர் வெயிலில் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துபோவதைப் பார்த்தபோது அழுகை வந்தது. அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவர் மேல் எனக்கு இருந்த மதிப்பு ஒரு படி இறங்கியிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் இன்னும் அழுகை வந்தது.

சனிக்கிழமை வாசிப்பு

பெண் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இதழை வாங்காமல் விட்டிருக்கலாம். அப்பாவால் முடியவில்லை.

காரணம், டிரைவர்கள். வெள்ளிக்கிழமை அவர்கள் படித்துவிடுவார்கள். சனிக்கிழமை காலையில், "பாஸ், மயக்க மருந்து கலந்துட்டீங்களே பாஸ்," என்று ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னால், அப்பாவுக்கு எதைப் பற்றிப் பேசுகிறான் என்று தெரியாது. தான் அந்த வாரம் என்ன செய்தோம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பொறுமையும் இல்லை.

"எடுத்துட்டு வா. படி," என்றார் என்னிடம்.

எங்களுக்குள் அப்போது பேச்சு வார்த்தை கிடையாது. 'சாப்பிட வரச் சொல்லு', 'சட்டை தேய்ச்சாச்சான்னு கேளு' எல்லாம் அம்மா வழியாகத்தான். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வார். நான் எதிரில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். பூதராயன் வருகிற இடங்களில் என் குரல் கொஞ்சம் கூடுதலாகவே கணீரென்று ஒலித்திருக்கும். என் கோபத்தைக் காட்ட எனக்கு வேறு வழியில்லை. துரோகி, வஞ்சகன், உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்று அவர் மனதார எழுதியதையெல்லாம் நானும் மனதார வாசித்தேன்.

அப்பா நடுநடுவே கண்ணைத் திறக்காமலே குறுக்குக் கேள்வி போடுவார். "எதுக்கு இவனுக்கு இந்த வேலை? காசுக்கா?"

"இன்னும் சொல்லல."

"ராஜா இவனுக்கு என்ன கொறை வச்சாரு?"

"சொல்லல."

"காரணம் இல்லாம ஒருத்தன் செய்வானா? என்ன கதை எழுதுறான் இவன்," என்று முணுமுணுப்பார்.

இதற்குள் பிரிக்பீல்ட்ஸில் அவர் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறார். பல பேர் பலவிதமாக யோசனை சொன்னார்களாம். கதவைத் திறந்தது பூதராயன் இல்லை, அவனைப்போல் வேஷம் போட்ட இன்னொருவன் என்று எழுதிவிடு என்று ஒருவர். ராஜாவே ரகசியமாகத் திறக்கச் சொன்னார் என்று எழுது என்று இன்னொருவர். இரண்டையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. படம் அச்சாகிவிட்டது. மழை பெய்தே ஆக வேண்டும், தீவட்டி எரிந்தே ஆக வேண்டும், அந்தக் கை தாழைத் திறந்தே ஆக வேண்டும். ஏன் திறந்தான் என்பது மட்டும்தான் இன்னும் அவர் கையில் இருந்தது.

கதவு திறந்த வாரம்

அந்த இதழ் வந்த சனிக்கிழமை வெளியேயும் நல்ல மழை. கூடத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. அம்மா பருப்பு வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

வாசிக்க ஆரம்பித்தேன். பூதராயன் தீவட்டியோடு கோட்டை வாசலுக்கு வருகிறான். காவலாளிகள் மயங்கிக் கிடக்கிறார்கள். தாழின் மேல் கை வைக்கிறான். அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், "அப்பா" என்கிறது.

நான் ஒரு நொடி நிறுத்தினேன். இப்படி ஒரு மகள் இருப்பதாக அதுவரை கதையில் ஒரு வரிகூட வரவில்லை. அவளை எதிரிகள் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஊரைக் காட்டிக்கொடுத்தால் அவள் உயிரோடு திரும்பி வருவாள், இல்லையென்றால் வரமாட்டாள். ராஜாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ராஜா மகளைக் கைவிடச் சொல்வார், அதுதான் நியாயம் என்றும் பூதராயனுக்குத் தெரியும். நியாயம் தெரிந்தவன். நாற்பது வருடம் அந்தக் கதவைக் காத்தவன். மழையில் நின்று, தான் என்னவாகப் போகிறோம் என்று முழுக்கத் தெரிந்தே தாழை இழுக்கிறான்.

அவனை நல்லவன் என்று அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. 'துரோகி கதவைத் திறந்தான்' என்றுதான் அத்தியாயம் முடிந்தது.

நான் எப்படியோ கடைசி வரியை வாசித்துவிட்டேன். அப்பாவை நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் வரவில்லை. வடை கொண்டு வந்த அம்மா தட்டை வைக்காமலே நின்றார்.

அப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, குடைகூட எடுக்காமல் லோரி ஷெட் பக்கம் போய்விட்டார்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு விருந்தாளி

மறுநாள் நடந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். அப்பாவும் என் கணவரும் சேர்ந்து என்னிடம் மறைத்தார்கள். அவரும் அவருடைய அக்காவும் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

லோரிக்கு ஸ்பேர் பார்ட் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு அப்பா கோலாலம்பூருக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. குவார்ட்டர்ஸ் வரிசையில் விசாரித்து விசாரித்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். அக்கா பதறிப்போய் நாற்காலி போட்டு டீ வைத்தார். இவர் கைலியோடு ஓடி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஒக்காருங்க. ஒங்க வீடு," என்றாராம் அப்பா. "அந்த ஆள எப்ப கொல்லப் போறீங்க?"

"அடுத்த வாரம்ங்க."

"யாரு கையால?"

"எதிரிங்களே முடிச்சிருவாங்க. காரியம் ஆயிடுச்சில்ல."

"மக?"

"சொன்ன மாதிரி விட்டுருவாங்க. கப்பல் ஏறி வேற தேசத்துக்குப் போயிருவா."

அப்போது ஒரு ரயில் போனது. இருவரும் அது முழுவதும் போகும்வரை காத்திருந்தார்கள்.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அப்பா.

"எதுங்க?"

"அப்பன் எதுக்குத் தொறந்தான்னு."

அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை என்று இவர் உண்மையைச் சொன்னார்.

"இருட்டுல கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிற பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும்? ஊரு சொல்றதத்தான் கேட்டுக்கிட்டுப் போவா. எங்கப்பன் துரோகின்னு காலம்பூரா நெனச்சுக்கிட்டு இருப்பா." அப்பா டீயைத் தள்ளி வைத்தாராம். "சாகடிங்க, வேணாங்கல. செஞ்ச வேலைக்கு அதான் கூலி. ஆனா அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு என்னைச் சாகடிங்க."

'என்னை' என்றுதான் சொன்னார். அக்கா அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறார். இவரும் கேட்டார். யாரும் திருத்தவில்லை.

அப்பா என்னிடம் பாசமாக ஒரு வார்த்தை பேசி நான் வளரவில்லை. அந்தக் கால அப்பாக்கள் அப்படித்தான். ஸ்கூல் பீஸ் கட்டுவார், காய்ச்சல் வந்தால் லோரியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவார், வாயைத் திறந்து மட்டும் சொல்ல மாட்டார். அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அவர் மனசில் எனக்கென்று இருந்ததை, முன்பின் பழகாத ஒருவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கதையில் வருகிற ஒருத்திக்காகக் கேட்டிருக்கிறார்.

கடைசி அத்தியாயம்

அடுத்த சனிக்கிழமை அப்பா வழக்கமான நேரத்துக்கு முன்பே சாய்வு நாற்காலிக்கு வந்துவிட்டார். அட்டையில் அந்த வாரம் வேறு ஏதோ கப்பல் படம். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. "படி," என்றார். அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

மகளைக் கப்பலுக்கு ஏற்றிச் செல்லும் படகில், துடுப்புப் போடுகிறவன் பூதராயனின் பழைய சேவகன். கோட்டை எரிவதைப் பார்த்து அவள், "அப்பா ஏன் கதவைத் திறந்தார்?" என்று கேட்கிறாள். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அவள் படகைத் திருப்பச் சொல்கிறாள். அவன் மறுக்கிறான். அவள் தண்ணீரில் குதித்து, நீந்தி, சேற்றில் புரண்டு கரையேறி, கோட்டை வாசலில் வாளால் வெட்டுண்டு கிடக்கும் அப்பாவிடம் வந்து சேர்கிறாள். வழியில் ஓரிடத்தில்கூட அவள் மயங்கி விழவில்லை. அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். "தெரியும் அப்பா," என்கிறாள்.

அதோடு அத்தியாயம் முடிந்தது.

"செத்துட்டானா?" என்று கேட்டார் அப்பா. கண்ணை இன்னும் திறக்கவில்லை.

"ஆமாம்ப்பா." எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவரை அப்பா என்று அழைக்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"அவளுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல?"

"தெரிஞ்சிருச்சுப்பா."

"அப்ப சரி," என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "நாளைக்கு அய்யரப் போய்ப் பாரு. நல்ல நாளா ஒண்ணு குறிச்சு வாங்கு. மாப்பிள்ளைக்கு ரயில்வேல எப்ப லீவு கெடைக்கும்னும் ஒரு வார்த்த கேட்டுக்கணும்."

மாப்பிள்ளை என்றார்.

நான் இதழைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் நனைந்துகொண்டிருந்தது.

"அதான் முடிஞ்சிருச்சே," என்றார் அப்பா. "இன்னும் என்ன படிக்கிற?"